குழந்தை சொன்ன பிறகு



இந்த ஆண்டுச் சொற்பொழிவின் தலைப்பை நான் சொன்னபோது, அதை அழைப்பிதழில் அப்படியே அச்சிடலாமா என்று ஒரு தயக்கம் எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள்; அதற்கு முதலில் நன்றி. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை எவ்வளவு பரவியிருக்கிறது, அது ஒருவருடைய உடலிலும் வாழ்விலும் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குழந்தைகள் மனநலப் பிரிவில் பணிபுரியும் மருத்துவராகப் பேசுகிறேன். இத்தனை பேர் கூடியிருக்கும் அரங்கில் இதைப் பட்டறிந்தவர்களும் இருப்பார்கள். நடுவில் எழுந்து வெளியே போகத் தோன்றினால் தாராளமாகப் போகலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு எண்களோடு தொடங்குகிறேன். 2011இல் ஸ்டோல்டன்பார்க் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், உலகம் முழுவதிலுமிருந்து வெளிவந்த 217 ஆய்வு வெளியீடுகளைத் திரட்டி ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களையே நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில், 1,000 பேருக்கு 127 பேர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். மருத்துவர், ஆசிரியர், குழந்தைகள் நலப் பணியாளர் போன்ற பெரியவர்களைக் கேட்டும் அவர்களுடைய பதிவேடுகளைப் பார்த்தும் எடுத்த ஆய்வுகளில் கிடைத்த எண் 1,000க்கு 4. இரண்டும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. ஒன்று குழந்தைப் பருவம் முழுவதற்குமான கணக்கு, மற்றது பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்தில் பெரியவர்கள் கண்ணில் பட்ட கணக்கு. அதனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து விடை எழுதிவிட முடியாது. ஆனாலும் முப்பது மடங்கு வித்தியாசம் அளவுகோல் மாறியதால் மட்டும் வந்துவிடாது. குழந்தைக்குத் தெரிந்திருப்பதற்கும் சுற்றியிருக்கும் பெரியவர்களின் காதில் விழுவதற்கும் இடையே அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது. பாதிப்பு நீடிப்பதும் ஆழமாவதும் பெரிய அளவில் அந்தப் பள்ளத்தில்தான் நடக்கிறது என்பது இத்தனை ஆண்டு மருத்துவப் பணியில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. எவ்வளவு பரவியிருக்கிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பவற்றை இரண்டு தனித்தனிக் கேள்விகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்கள், 5 வயது முதல் 18 வயது வரையிலான 12,447 குழந்தைகள். அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ‘இந்தியக் குழந்தைகளில் பாதிப் பேர்’ என்று மேடைக்கு மேடை பேசுவது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பேசுவது சரியல்ல. வீட்டில் இருப்பவர்கள், பள்ளிக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தெருவில் வாழ்கிறவர்கள், விடுதிகளிலும் இல்லங்களிலும் இருப்பவர்கள் என்று ஐந்து வகைக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துக் கேட்ட ஆய்வு அது. நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. ஆபாசப் படம் காட்டப்பட்டதிலிருந்து மிகக் கடுமையான வன்முறை வரை எல்லாம் அந்த எண்ணில் அடக்கம். கடுமையானவற்றை மட்டும் பிரித்தால் 20.90 விழுக்காடு. ஐந்தில் ஒரு குழந்தை. இதைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, உள்ளபடியே தாங்க முடியாத அளவில்தான் இருக்கிறது.

அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் அந்த ஆய்வு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே சென்னையில் ‘துளிர்’ அமைப்பும் ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பும் பள்ளி மாணவர்கள் 2,211 பேரிடம் ஆய்வு நடத்தியிருந்தன. அதில் 42 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஆண் பிள்ளைகளில் 48 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 39 விழுக்காடு. வசதியான வீட்டுப் பிள்ளை, வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்ற வித்தியாசமும் தென்படவில்லை.

ஆண் பிள்ளைகளின் எண்ணைக் கேட்டதும் இந்த அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. எங்கே சொன்னாலும் எழும். 2007 ஆய்விலும் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேல், 52.94 விழுக்காடு, ஆண் பிள்ளைகள்தான். உலக அளவிலான ஆய்வுகளில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையே அதிகம். யுனிசெஃப் 2024 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று உயிரோடு இருக்கும் பெண்களிலும் சிறுமிகளிலும் எட்டில் ஒருவர் 18 வயதுக்கு முன் பாலியல் வன்முறைக்கோ தாக்குதலுக்கோ ஆளானவர். ஆண்களில் பதினொன்றில் ஒருவர். நம் ஆய்வுகளில் ஏன் மாறி வருகிறது? வெளியே சுற்றும் சுதந்திரம் ஆண் பிள்ளைக்குத்தான் இருக்கிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ‘கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்’ என்று காதில் ஓதி வளர்க்கப்பட்ட சிறுமி, பெயர் எழுதாத வினாத்தாளில்கூட உண்மையை எழுதத் தயங்குகிறாள் என்பது இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன். காரணம் எதுவானாலும், ‘ஆம்பளப் பையன்தானே, அவனுக்கு என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சு பொய். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வரும்வரை, ஒரு சிறுவனுக்கு நடந்ததை அது என்னவோ அந்தப் பெயரில் சொல்ல நம் தண்டனைச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. வல்லுறவுக்கான பிரிவு பெண்ணைப் பற்றி மட்டுமே பேசியது. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கீழ்தான் அவனுடைய வழக்கு போக வேண்டியிருந்தது. கொடுமைக்கு ஆளான குழந்தையை எந்தக் கூண்டில் நிறுத்தியிருந்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

செய்பவர் யார்? இந்தக் கேள்விக்கு ஆய்வுகளும் காவல் துறைப் பதிவுகளும் ஒரே குரலில் பதில் சொல்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், போக்சோ சட்டத்தின் கடுமையான பிரிவுகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர், வேன் ஓட்டுநர், குடும்ப நண்பர். ‘தெரியாதவங்க சாக்லேட் குடுத்தா வாங்காதே’ என்று நாம் சொல்லிக்கொடுப்பது எஞ்சியிருக்கும் சின்னப் பங்குக்குத்தான் உதவும்.

தெரிந்தவர் என்றால் வெறுமனே முகம் தெரிந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அந்த வீட்டுக்கு வேண்டப்பட்டவர். அப்பா வெளியூரில் இருக்கும்போது கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவைப்பவர், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர், அவசரத்துக்குக் கைமாற்று கொடுப்பவர். குழந்தையை நெருங்குவதற்கு முன்பே குடும்பத்தை நெருங்கி முடித்திருப்பார். அம்மா அப்பாவின் நம்பிக்கையை முதலில் சம்பாதித்துவிட்டால், பிறகு குழந்தை எதைச் சொன்னாலும் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். கொடுமை நடப்பதற்கு முன்பே குழந்தையின் வாய் அடைக்கப்பட்டுவிடுகிறது.

வெளிநோயாளிப் பிரிவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பது வயதுச் சிறுமி. ஜவுளிக்கடைப் பை நிறைய ரிப்போர்ட்டுகளைச் சுமந்துகொண்டு அம்மா வருகிறார். “எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு மேடம். எங்கயும் ஒன்னும் இல்லன்னுட்டாங்க. இவ என்னடான்னா வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டுர்றா.” ஸ்கேன் பார்த்தாயிற்று, பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. குழந்தையின் மணிக்கட்டில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறும் இருந்தது. எங்கே வலிக்கிறது என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். என்றைக்கு வலிக்கிறது என்று நான் கேட்டேன். அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். திங்கள், புதன், வெள்ளி. முழுப் பரீட்சை லீவில் வலி இல்லை. தாத்தா ஊரில் இருந்தபோது இல்லை. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் என்ன? டியூஷன்.

சிறுமி ஒரு லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் வீடு வரைந்துகொண்டிருந்தாள். டியூஷன் எப்படி இருக்கும் என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “மத்த பிள்ளைங்க எல்லாம் போனப்புறமும் சார் என்னைய மட்டும் இருக்கச் சொல்லுவாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். இந்த இடத்தில் பெரியவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பதறாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘அப்புறம்?’ என்பதற்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது. சார் இப்படிச் செய்தாரா, அப்படிச் செய்தாரா என்று நாமே சொல்லைப் போட்டுக் கொடுத்தால் குழந்தையும் குழம்பும், நாளை வழக்கும் கெடும். ஆனால் தாயின் வாயிலிருந்து அதற்குள் வந்துவிட்டது: “ஏன்டி இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?”

பேனா நின்றுவிட்டது. அந்தத் தாய் கெட்டவர் அல்ல. வயிறு பற்றி எரிகிற நேரத்தில் எந்தத் தாய்க்கும் முதலில் வரும் கேள்வி அது. குழந்தையின் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. பிறகு தனியாகப் பேசும்போது தாயே நினைவுபடுத்திச் சொன்னார், இரண்டு மாதமாகவே ‘அந்த டியூஷன் வேணாம்மா’ என்று மகள் அழுதிருக்கிறாள். படிக்க வலிக்கிறது என்று திட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு முறை முதுகில் இரண்டு அடியும். அவள் சொல்லாமல் இல்லை. தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வார்த்தை எடுபடாதபோது வயிறு சொன்னது.

அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. வீட்டுக்குள் கொடுமைக்கு ஆளாகும் குழந்தை நடந்துகொள்ளும் விதத்தை அவர் ஐந்து கட்டமாக விவரித்தார். ரகசியம் காக்கிறது; கையறு நிலையில் நிற்கிறது; தப்ப வழியின்றி அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது; தாமதமாக, நம்பும்படியாக இல்லாத விதத்தில் சொல்கிறது; சொன்னதன் விளைவாக வீடு உடைவதைப் பார்த்ததும், ‘நான் சும்மா சொன்னேன்’ என்று திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கடைசிக் கட்டம்தான் கொடியது. குழந்தை பின்வாங்கினால் ‘பாத்தீங்களா, பொய்தான்’ என்று ஊர் நிம்மதியடைகிறது. உண்மையில் அந்தப் பின்வாங்கல் குழந்தை குடும்பத்துக்குச் செய்யும் தியாகம்.

பெரியவர்களின் அறிவுலகமும் இதே போலச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியிருக்கிறது. 1896 ஏப்ரலில் வியன்னாவின் மருத்துவர்கள் கூடிய சபையில் சிக்மண்ட் ஃபிராய்ட் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தாம் பார்த்த 18 நோயாளிகள் எல்லாருடைய துயரத்துக்கும் அடியில் சிறுவயதுப் பாலியல் கொடுமை இருக்கிறது என்றார். சபை அதை ரசிக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். நோயாளிகள் சொன்னவற்றில் பெரும்பகுதி கற்பனையும் ஆசையும் கலந்தது என்ற திசைக்கு உளப்பகுப்பாய்வு திரும்பியது. அவர் பின்வாங்கியதற்குப் பல காரணங்களை அறிஞர்கள் சொல்கிறார்கள், அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நடந்தது என்னவென்றால், நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு, மருத்துவர் முன் வாய் திறந்த பெண்களின் சொல் அவர்களுடைய கற்பனையாக வாசிக்கப்பட்டது. அடிபட்ட குழந்தைகளைப் பற்றி 1962இல் உலகின் கண்ணைத் திறந்த மருத்துவர் ஹென்றி கெம்ப், பாலியல் கொடுமையும் குழந்தை மருத்துவம் கண்டுகொள்ளாத ஒரு சிக்கல் என்று தம் துறையினர் முன் சொல்லும்போது 1977 ஆகிவிட்டது.

இனி, எவ்வளவு காலம் தங்குகிறது என்ற பகுதி. இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைப்புச் சிகிச்சை நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோவது அவருக்குப் புரியவில்லை. உட்கார வைத்துப் பேசியபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. சிலருக்குப் பருத்த உடல் ஒரு பாதுகாப்பாக இருந்தது. எடை குறைந்து, மற்றவர்கள் பார்வை தங்கள் மேல் விழத் தொடங்கியதும் அச்சம் திரும்பிவந்தது. இதிலிருந்து பிறந்ததுதான் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய, 1998 முதல் முடிவுகள் வெளிவரத் தொடங்கிய ஆய்வு. சிறுவயதில் பட்ட துன்ப வகைகளை எண்ணினார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் பட்டவர்களிடம் மது அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்கு கூடுதலாக இருந்தன. இதய நோயும் கல்லீரல் நோயும்கூடப் பட்டியலில் வந்தன.

வளர்ந்தவர்களின் நினைவை நம்பி எடுத்த ஆய்வு என்று இதைச் சிலர் குறை சொல்வதுண்டு. அவர்களுக்குப் பதிலாக இன்னோர் ஆய்வு இருக்கிறது. பெனிலோப் டிரிக்கெட், ஜென்னி நோல், ஃபிராங்க் புட்னம் ஆகியோர் 1987இல் வாஷிங்டன் பகுதியில், குடும்பத்தைச் சேர்ந்தவரால் பாதிக்கப்பட்ட 84 சிறுமிகளையும், பாதிக்கப்படாத 82 சிறுமிகளையும் பின்தொடரத் தொடங்கினார்கள். 23 ஆண்டுகளின் முடிவுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட சிறுமிகள் மற்றவர்களைவிட முன்னதாகவே பருவ மாற்றம் அடைந்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்டிசால், சிறுவயதில் அவர்களுக்கு மிகையாகவும், வளர்ந்த பிறகு வழக்கத்தைவிட மந்தமாகவும் இருந்தது. ஓயாத அபாயத்தில் இருந்த உடல், கடைசியில் அபாயத்துக்கு ஈடுகொடுக்கும் திறனையே இழந்துபோகிறது. இருபதுகளின் நடுவில் அவர்களில் 42 விழுக்காட்டினர் உடற்பருமன் கொண்டவர்கள், மற்றவர்களில் 28 விழுக்காடு. மனச்சோர்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, படிப்பு நின்றுபோவது, குறைப்பிரசவம் எல்லாம் கூடுதல். 2019இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வெளியான தொகுப்பு, 559 ஆய்வுகளில் அடங்கிய 40 லட்சம் பேரின் விவரங்களை ஆராய்ந்தது. ஆராய்ந்த 28 வகை நீண்டகால விளைவுகளில் 26, சிறுவயதுப் பாலியல் கொடுமையோடு தொடர்புள்ளவையாக இருந்தன.

இந்த 26இல் ஒன்றை நம் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். வலிப்பு போல வரும், ஆனால் வலிப்பு இல்லை. மூளை அலைப் பரிசோதனை சரியாக இருக்கும். பள்ளிக் கூட்டத்தில் மயங்கி விழுவாள், திடீரென்று பேச்சு நிற்கும், கால் நடக்காது. வீட்டார் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள். ‘நடிக்கிறா’ என்று நர்ஸ் அக்கா அதட்டுவார். நடிப்பே இல்லை. மனம் தாங்க முடியாததை உடல் எடுத்துக்கொள்ளும் நிலை அது. இப்படி வரும் ஒவ்வொருவருக்கும் பின்னால் பாலியல் கொடுமை இருக்கும் என்று சொல்லவில்லை. இருக்கக்கூடும் என்று ஒருவராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

முப்பது, நாற்பது வயதில் வருகிறவர்கள் வேறு விதமாக வருகிறார்கள். பிரசவ அறையில் பரிசோதனைக்குக் கை வைத்ததுமே அலறி, ‘ஒத்துழைக்க மாட்டேங்குது’ என்று திட்டு வாங்கிய பெண். பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து படுக்க முடியாத ஆண். மகளுக்கு ஐந்து வயது நெருங்கியதும் தூக்கம் போன தாய். தனக்கு நடந்தபோது தன் வயதும் ஐந்து என்பதை அவர் என்னிடம் சொல்ல மூன்று மாதம் ஆனது. குடிக்காக அழைத்துவரப்பட்டு, குடியை நிறுத்திய பிறகு முதல் முறையாக அழுத ஆண். இவர்கள் யாருடைய மருத்துவச் சீட்டிலும் உண்மையான காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதன் மறுபக்கத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘வாழ்க்கையே போச்சு’, ‘கெட்டுப்போனவள்’ என்பவை மருத்துவ உண்மைகள் அல்ல. மேலே சொன்னவை எல்லாம் கூட்டத்துக்கான வாய்ப்புக் கணக்குகள். ஒரு தனிக் குழந்தையின் தலையெழுத்தை அவை எழுதுவதில்லை. பாதிக்கப்பட்டவர்களில் ஏராளமானோர் படித்து, வேலை பார்த்து, அன்பு செய்து, பிள்ளை வளர்த்து வாழ்கிறார்கள். பாதிக்கப்பட்ட சிறுவன் வளர்ந்து தானும் அதையே செய்வான் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மிகப் பெரும்பாலானவர்கள் அப்படிச் செய்வதில்லை. அந்த நம்பிக்கையால் எத்தனையோ இளைஞர்கள் தங்கள் சொந்தக் குழந்தையைத் தூக்கவே பயந்து இருக்கிறார்கள். சிகிச்சையும் இருக்கிறது. குழந்தையோடும், அதை நம்பும் ஒரு பெற்றோரோடும் சேர்ந்து சில மாதங்கள் செய்யும் பேச்சுச் சிகிச்சை நல்ல பலன் தருவது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

நம்பும் ஒரு பெற்றோர் என்றேன். குழந்தை எப்படி மீள்கிறது என்பதை, நடந்த கொடுமையின் அளவைப் போலவே, சொன்ன பிறகு முதல் பெரியவர் என்ன செய்தார் என்பதும் தீர்மானிக்கிறது. எங்கள் பிரிவுக்கு ஒரு அப்பத்தா பேரனைக் கூட்டிவந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பையன் சொன்ன அன்று அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “அந்த வீட்டுப் பக்கம் இனி நீ போக வேணாம், நான் பாத்துக்கிறேன், வந்து சோறு தின்னுன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?” வேறு எதுவும் தேவையில்லை. நம்பினார், பாதுகாப்பு தந்தார், பொறுப்பைக் குழந்தையின் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டார், அன்றாடத்தை விடாமல் நடத்தினார். அடுத்த நாள் காலையில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் வாசலில் போய் உட்கார்ந்தும் இருக்கிறார்.

காவல் நிலையத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? போக்சோ சட்டத்தைப் படித்தால், குழந்தையை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்று புரியும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். வழக்கறிஞர் கேள்வியை நேரடியாகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. குழந்தையின் சாட்சியம் 30 நாளில், வழக்கு கூடியவரை ஓராண்டில் முடிய வேண்டும். நடைமுறையில், ‘விதி’ சட்டக் கொள்கை மையம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஒரு வழக்கு முடியச் சராசரியாக 500 நாளுக்கு மேல் ஆகிறது. தண்டனை பெறும் ஒவ்வொருவருக்கும் மூன்று பேர் விடுதலையாகிறார்கள்.

விடுதலை என்றால் எல்லாமே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து ஓடிப்போன வழக்குகளும் இதே சட்டத்தில் வந்து நிற்கின்றன. இது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் கவலையோடு சொல்லியிருக்கிறது. ஆனால் மீதியில் பெரும்பகுதி, சாட்சி பிறழ்ந்து உடையும் வழக்குகள். வாய்தா மேல் வாய்தா விழும் அந்த 500 நாளில் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். “மாமா ஜெயிலுக்குப் போயிட்டா அத்தையும் பிள்ளைகளும் நடுத்தெருவுல நிப்பாங்க. உன் ஒரு சொல்லுல இருக்கு.” பத்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்கிறார்கள். 2019 திருத்தத்தில் மரண தண்டனை வரை சேர்த்தபோது பலர் கைதட்டினார்கள். எனக்கு அன்று பயம்தான் வந்தது. செய்தவர் சொந்தக்காரர் என்னும்போது, ‘நீ சொன்னா அவரைத் தூக்கில போட்டுருவாங்க’ என்ற ஒரு வாக்கியம் குழந்தையின் வாயை என்றென்றைக்குமாக மூடப் போதும். தண்டனையின் கடுமை குழந்தைக்குத் தைரியம் தராது. ஓராண்டில் முடியும் வழக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடவே வந்து உட்காரும் ஒரு துணை ஆளும் இருந்தால் அது வரும். போக்சோ விதிகளில் அப்படி ஒருவரை நியமிக்க இடமிருக்கிறது. எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை அப்படி ஒருவர் உண்டென்றே கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக, காலம் கடந்து சொல்கிறவர்களைப் பற்றி. ஆஸ்திரேலியாவில் தேவாலயம், பள்ளி, இல்லம் போன்ற நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை விசாரிக்க ஓர் அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை இயங்கியது. அதன் ஆணையர்கள் நாடு முழுவதும் போய், 8,000க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியே, மூடிய அறையில், குறுக்கு விசாரணை இல்லாமல் உட்கார்ந்து கேட்டார்கள். வந்தவர்கள் முதன்முதலாக யாரிடமாவது சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டு. 2,500க்கும் மேற்பட்ட புகார்கள் அங்கிருந்து காவல் துறைக்குப் போயின. 2018 அக்டோபர் 22 அன்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இந்தியாவில் இத்தகைய குற்றத்தைப் பற்றி வளர்ந்த பிறகும் புகார் கொடுக்கலாம், கால வரம்பு தடையாகாது என்று சட்ட அமைச்சகம் 2018இல் தெளிவுபடுத்தியது. சிறுவயதில் தனக்கு நடந்ததை வளர்ந்தபின் புகாராகக் கொடுக்க வந்து, வழியில்லாமல் திரும்பிய ஒரு பெண் விடாமல் எழுப்பிய குரலுக்கு அதில் பெரும் பங்குண்டு. ஆனால் 2012க்கு முன் நடந்தவற்றைப் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளில்தான் பார்க்க முடியும். நான் முன்பு சொன்ன அந்தச் சிறுவர்கள், இன்று வளர்ந்த ஆண்கள், பழைய இடத்திலேயே நிற்கிறார்கள்.

புகார் வேண்டாம், சொன்னால் போதும் என்று வருகிறவர்களே அதிகம். அவர்களுக்கு நம்மிடம் இடமில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு பிற்பகல், வளர்ந்தவர்கள் வந்து இதைப் பற்றிப் பேசுவதற்கென்று ஓர் அறையும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். தமிழ்நாட்டுக்கென்று, எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும்படி மாதிரி எடுத்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடத்தப்படும் கணக்கெடுப்பையும் கேட்கிறேன். 2006இல் சென்னைப் பள்ளிகளில் 2,211 பேரைக் கேட்டதை வைத்துக்கொண்டே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று பெற்றோர்.

மாவட்ட மருத்துவமனையின் அந்த அறையில் சிக்கலான கேள்வி ஒன்று வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு எதிரான குற்றம் தெரிந்தவர் யாரானாலும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு. குழந்தைக்கு அது சரி. இருபத்தைந்து வயதுப் பெண் தன் பதினைந்து வயதில் நடந்ததைச் சொல்லும்போது, அவர் விரும்பாமலே புகார் போனால், இன்னொரு முறை அவருடைய விருப்பம் கேட்கப்படாமல் போகிறது. அதே நேரம், அதைச் செய்தவர் இன்று வேறொரு வீட்டில், வேறு குழந்தைகளுக்கு நடுவே இருக்கிறார். சொல்ல வந்தவரின் விருப்பத்தையும் அந்தக் குழந்தைகளின் பாதுகாப்பையும் எப்படிச் சேர்த்துக் காப்பது என்பதற்குச் சட்டம் இன்னும் தெளிவான வழி சொல்லவில்லை. இந்த அரங்கில் சட்டக் கல்லூரி மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். கலந்துரையாடலை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.